காற்று நம்முடையது, கலம் யாருடையது?

புதுவையில் நான் குடியிருக்கும் பகுதிக்கு உப்பளம் என்று பெயர். பெயரில் உப்பு உண்டு. உப்பு விளையும் பாத்தி இன்று இல்லை. துறைமுகமும் விளையாட்டரங்கமும் நெருக்கமான வீடுகளுமே உள்ளன. ஊர்ப்பெயர்களை மாணவர்க்கு விளக்கிப் பழகிய எனக்கு இப்பெயர் ஒரு வரலாற்றுச் செய்தியை அடிக்கடி நினைவூட்டும். 1818ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிரெஞ்சிந்தியப் பகுதிகளில் உப்பு விளைவித்தல் நிறுத்தப்பெற்றது. அளத்துக்கு உரியோர்க்கு இழப்பீடு கிடைத்தது. மக்களுக்கு வேண்டிய உப்பு ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. கடலும் இருந்தது, வெயிலும் இருந்தது, காற்றும் இருந்தது. உப்பு மட்டும் விலைக்கு வந்தது.

இயற்கை ஒரு நாட்டுக்கு ஒன்றை வழங்குவது வேறு. அதனை அந்நாட்டு மக்கள் தம் தொழிலாக்கிக் கொள்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றியே இம்மலரில் சில சொல்ல விழைகின்றேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், கடலில் காற்றாலை நிறுவும் தொழில்.

தமிழ்த்துறை மலரில் காற்றாலைக்கு என்ன இடம் எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்ட மொழி நம் மொழி. புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், கரிகால் வளவனைக் காற்றைப் பணிகொண்டு கடலில் கலம் ஓட்டியவனின் வழித்தோன்றல் எனப் போற்றுகின்றார். எனவே இது நமக்குப் புறம்பான பொருள் அன்று.

நிலத்தில் காற்றாலை நிறுவிய வரலாற்றை முதலில் நோக்குவோம். 1986ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் செயல்விளக்கத்திற்காகச் சில காற்றாலைகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றின் திறனும் 100 கிலோவாட்டை எட்டாது. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் எழுந்தன. 1990களில் மைய அரசு அளித்த 100 விழுக்காட்டுத் தேய்மானச் சலுகை செல்வர்களை இத்துறைக்கு இழுத்தது. மின்சாரத்தைவிட வரிச்சலுகையையே பெரிதாக எண்ணி முதலிட்டோரும் உண்டு. ஆயினும் ஆண்டுதோறும் காற்றாலைக்கு ஆள் தேவைப்பட்டது, உதிரிப்பாகம் தேவைப்பட்டது, பழுது பார்ப்பவர் தேவைப்பட்டனர். அத்தேவை நின்றுவிடாது தொடர்ந்தமையால் தொழில் வேரூன்றியது. இன்று தமிழகத்தில் நிறுவப்பட்ட காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். கோவையிலும் வாலாஜாபாத்திலும் காற்றாலைக்கான பற்சக்கரப் பெட்டிகள் உருவாகின்றன. திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் வெஸ்டாஸ் நிறுவனத்தின் ஆலை இயங்குகின்றது. நம் புதுவையிலேயே சுஸ்லான் நிறுவனத்தின் தொழிற்சாலை உண்டு. விழுப்புரம் சாலையில் இரவு நேரத்தில் நெடிய இறக்கை ஒன்றைச் சுமந்து ஊர்ந்து செல்லும் வண்டிக்கு வழிவிட்டு நான் பலமுறை ஒதுங்கி நின்றதுண்டு.

நிலத்தில் இவ்வளவு செய்தோர்க்குக் கடலில் செய்வது எளிதன்றோ என்று தோன்றும். அங்குதான் சிக்கல் தொடங்குகின்றது.

உலகில் முதன்முதலாகக் கடலில் காற்றாலைத் தொகுதி நிறுவிய நாடு டென்மார்க். 1991ஆம் ஆண்டு விண்டபி என்னும் இடத்தில் 11 காற்றாலைகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 450 கிலோவாட் திறனுடையது. காலாவதியான அவை 2017இல் அகற்றப்பட்டன. இன்று கடலுக்கெனச் செய்யப்படும் காற்றாலை ஒன்றின் திறனே 15 மெகாவாட். அதாவது விண்டபியின் 11 காற்றாலைகளும் சேர்ந்து தந்ததைப்போல் மும்மடங்கு. அதன் ஓர் இறக்கையின் நீளம் 115 மீட்டருக்கு மேல். இத்தகைய இறக்கையை விழுப்புரம் சாலையில் கொண்டு செல்ல இயலாது. அதைச் செய்யும் ஆலை துறைமுகத்தை ஒட்டியே அமைதல் வேண்டும். கடலடியில் அறையப்படும் எஃகுத் தூண் ஒன்றே ஆயிரம் டன்னைத் தாண்டும். அதை நிறுத்துவதற்கு, நான்கு கால்களைக் கடலடியில் ஊன்றித் தன் உடலை அலைக்கு மேலே உயர்த்திக்கொள்ளும் தனிவகைக் கப்பல் தேவை. பின்னர்க் கடலடி மின்கம்பி, கடல்நடுவே துணைமின் நிலையம், ஏறத்தாழ 25 ஆண்டுகள் பழுதுபார்க்கச் சென்றுவரும் படகு, அப்படகில் செல்லும் ஆட்கள் என வரிசை நீளும். ஆகவே கடற்காற்றாலை என்பது ஒரு பொறி அன்று. ஒன்றையொன்று பற்றி நிற்கும் தொழில்களின் சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் எஞ்சியவை பயன்படா.

என்னிடம் தமிழ் பயின்ற காரைக்கால் மாணவர் ஒருவர், வளைகுடா நாடொன்றில் கடல்நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வெல்டராகப் பணியாற்றுகின்றார். விடுமுறையில் வந்தபோது இதைப்பற்றிக் கேட்டேன். "இரும்பைச் செய்வது பெரிதில்லை ஐயா. நடுகின்ற கப்பல் வரவேண்டும். அது எங்களுக்காகக் காத்திருக்காது. நாங்கள்தாம் அதற்காகக் காத்திருப்போம். அது ஒருநாள் பிந்தினால் எல்லாருக்கும் செலவுதான்" என்றார். பிறகு, "ஊரிலேயே இந்த வேலை கிடைத்தால் நான் ஏன் திரும்பப் போகப்போகிறேன்?" என்று கேட்டு நிறுத்தினார். அக்கேள்விக்கு விடை கூறும் நிலையில் நான் இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தந்தையைக் காணும் குழந்தைகள் உள்ள வீடுகள் காரைக்காலிலும் நாகூரிலும் புதுவையிலும் எத்தனையோ உள்ளன.

அவர் கூறிய கப்பல் செய்தி, தூத்துக்குடியின் பழைய வரலாறு ஒன்றை எனக்கு நினைவூட்டியது. 1906ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு இரண்டு இலட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகளை வாங்கிய வள்ளல் ஹாஜி முகமது பக்கீர் சேட். தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் நிறுவனமொன்றின் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தினர். ஆங்கிலேயர் நெருக்க, அந்நிறுவனம் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பயணிகள் இருந்தனர், சரக்கு இருந்தது, மக்கள் ஆதரவு இருந்தது, கலம் இல்லை. அதன் பின்னரே பெருமுயற்சியால் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பெற்றன. 1908இல் வ.உ.சி. சிறைப்பட, 1911இல் கம்பெனியும் கலைக்கப்பட்டது. வாடகைக் கலத்தை நம்பிய தொழில், கலத்துக்கு உரியவன் மனம் மாறிய அன்றே நின்றுவிடும் என்பதை அப்பெருமகனார் பட்டு அறிந்தார். இன்று அவர் பெயரையே தாங்கிய தூத்துக்குடித் துறைமுகம்தான் தமிழகக் கடற்காற்றாலைத் திட்டத்தின் தளமாகக் கருதப்படுகின்றது. அவர் பெற்ற படிப்பினையையும் அத்துறைமுகம் தாங்கி நிற்க வேண்டாவா?

இனி அரசின் முயற்சிகளைக் காண்போம். கடற்காற்றாலைக்கான தேசியக் கொள்கை 2015ஆம் ஆண்டு வெளியிடப்பெற்றது. குசராத்துக் கடலும், மன்னார் வளைகுடாவை உள்ளிட்ட தமிழகத் தென்கடலும் ஏற்ற இடங்களாகக் கண்டறியப்பட்டன. இவ்விரு மாநிலக் கடல்களிலும் சேர்த்து ஏறத்தாழ 70,000 மெகாவாட்டுக்கு வாய்ப்புண்டு என்பது சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் தொடக்க மதிப்பீடு. 2018இல், 2030ஆம் ஆண்டுக்குள் 30,000 மெகாவாட் என்னும் இலக்கு அறிவிக்கப்பட்டது. 2024 சூன் திங்களில் மைய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் நிதியுதவிக்கு ஒப்புதல் அளித்தது. குசராத்துக்கும் தமிழகத்துக்கும் தலா 500 மெகாவாட். இரு துறைமுகங்களைச் செப்பனிட 600 கோடி ரூபாயும் அதனுள் அடங்கும். அவ்வாண்டில் ஒப்பந்தப்புள்ளிகளும் கோரப்பட்டன. ஆனால் அவை 2025இல் கைவிடப்பட்டன. இதை எழுதும் நாள்வரை இந்தியக் கடலில் காற்றாலை ஒன்றும் எழவில்லை.

காரணம் காண்பது அரிதன்று. ஆலை நிறுவ வருபவர், "எத்தனை காற்றாலைக்கு ஆணை உண்டு?" என்று கேட்கின்றார். ஆணை தர வேண்டியவரோ, "மின்சாரம் என்ன விலைக்குக் கிடைக்கும்?" என்கின்றார். ஆலையும் கப்பலும் இல்லாதபோது விலை குறையாது. விலை குறையாதபோது ஆலையும் கப்பலும் வாரா. கோழி முந்தியா, முட்டை முந்தியா என்னும் வழக்காகவே இது நிற்கின்றது. தைவான் நாடு இதனை நிபந்தனையால் தீர்க்க முயன்றது. இன்னின்ன பாகங்களை உள்நாட்டிலேயே வாங்குதல் வேண்டும் என விதித்தது. செலவு ஏறியது, ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் உலக வணிக அமைப்பில் முறையிட்டது, அவ்வாண்டிலேயே தைவான் நிபந்தனையைத் தளர்த்த இசைந்தது. சீனமோ 2010இல் ஷாங்காய் அருகே 34 காற்றாலைகளோடு தொடங்கி, ஆண்டுதோறும் ஆணைகளை நிறுத்தாது வழங்கி, ஆலையையும் கப்பலையும் ஒருசேர வளர்த்து, 2021இல் உலகின் முதலிடத்தைப் பிடித்தது. ஆணையிட்டு மட்டும் தொழிலை வளர்க்க முடியாது. தொடர்ந்து வேலை கொடுத்தே வளர்க்க வேண்டும். முள்ளக்காட்டிலிருந்து கோவை வரை நாம் கண்டதும் இதுவேயன்றோ?

எனவே என் எளிய கருத்து ஒன்றுண்டு. ஐந்நூறு மெகாவாட், ஆயிரம் மெகாவாட் எனக் காற்றாலை எண்ணிக்கையைப் பேசுமுன், துறைமுகம், கப்பல், கைத்திறன் ஆகிய மூன்றையும் பேசுதல் வேண்டும். இவற்றுள் சில நம்மிடமே உள்ளன. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம் எண்ணெய்க் கிணறுகளுக்கான கடல்மேடைகளைக் கட்டி வருகின்றது. திருச்சியில் பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வளைகுடாவில் நம் இளைஞர் ஆயிரக்கணக்கானோர் கைதேர்ந்து நிற்கின்றனர். இருப்பவற்றைக் கோத்து மாலையாக்கும் நூல்தான் இல்லை.

துறைமுகம் கட்டுவதில் உப்பளத்தார் நேரில் கண்ட பாடமும் ஒன்றுண்டு. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடலோரமாக நகரும் மணல் அங்கே தடைப்பட்டது, வடக்கே புதுவைக் கடற்கரையின் மணல் மறைந்தது, கருங்கற்களே மிஞ்சின. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலடியில் ஆப்பு வடிவ எஃகு அமைப்பொன்றை இறக்கிய பின்னரே மணல் மீளத் தொடங்கியது. கடலில் நடும் ஒவ்வொரு கல்லுக்கும் கடல் கணக்குக் கேட்கும் என்பது இதனால் விளங்கும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த தேசியப் பூங்கா உண்டு. அக்கடலை நம்பிய மீனவர் உண்டு. வலை விரிக்கும் வழியை மறித்துவிட்டு நிறுவும் காற்றாலை, தொழிலாகுமே தவிர நற்றொழில் ஆகாது. காற்றாலை பராமரிக்கும் படகை ஓட்டும் முதல் உரிமை அக்கடலை அறிந்த மீனவ இளைஞர்க்கே கிடைத்தல் முறை.

புயலையும் மறத்தற்கில்லை. 2011 திசம்பர் 30ஆம் நாள் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்தபோது, உப்பளத்தில் விடியும்வரை நாங்கள் உறங்கவில்லை. 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் வந்தது. வடகடலின் தன்மைக்கேற்ப வகுத்த பொறியை அப்படியே வாங்கி நம் கடலில் நடுதல் அறிவுடைமை ஆகாது. நம் புயலுக்கும், மே முதல் செப்டம்பர் வரை ஓங்கி வீசிப் பின்னர்த் தணியும் நம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் ஏற்ற பொறியை நாமே வகுத்தல் வேண்டும். உள்நாட்டுத் தொழில் வேண்டும் என்பதற்கு நாட்டுப்பற்று மட்டுமன்று, இதுவும் காரணம்.

மாணவச் செல்வங்களே! இது பொறியியல் பயில்வோர் பாடு என ஒதுங்காதீர்கள். கடலடி அளப்போர், கப்பல் கணக்கர், காப்பீட்டாளர், மீனவரிடம் திட்டத்தை அவர்தம் மொழியில் விளக்குவோர் என இத்தொழிலுக்குப் பலதுறைக் கல்வியும் வேண்டும். கடலோரத்து எளிய மக்களுக்குப் புரியும் தமிழில் ஒப்பந்தம் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர் நம்மிடையே உள்ளனர்?

சமுதாயப் பெரியோர்களிடம் வேண்டுவது ஒன்று. மரக்காயர் என்னும் பெயரே மரக்கலத்தோடு தொடர்புடையது என்பர். காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் கலம் கட்டியும் கலம் ஓட்டியும் வாழ்ந்த ஊர்கள். அம்மரபினர் ஈட்டிய பொருளைக் கல்விக் கூடங்களாக்கிய பெருமையை நாடறியும். அக்கூடங்களுள் ஒன்றில் கடல்சார் பற்றவைப்பும் கடற்பணிப் பாதுகாப்பும் கற்பிக்கும் பயிற்சிக் கூடம் ஒன்றை அறக்கொடையாக நிறுவுதல் ஆகாதா? வளைகுடாவில் முதிர்ந்த கைகள் ஊர் திரும்பி அங்கே ஆசிரியராகட்டும். காற்றாலைக்கு ஆணை வரும்வரை அப்பயிற்சி வீண்போகாது. துறைமுகத்துக்கும் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் பயன்படும். ஆணை வரும் நாளில், ஆள் இல்லை என்னும் சொல் நம் கரையில் எழாது.

பக்கீர் சேட் அவர்கள் இரண்டு இலட்சம் ரூபாயை எடுத்துக் கொடுத்தபோது கம்பெனி இலாபம் தரும் என்னும் உறுதிச்சீட்டு எவரும் அவருக்கு எழுதித் தரவில்லை. கலம் நம்முடையதாக இருத்தல் வேண்டும் என்னும் தெளிவு ஒன்றே அவரிடம் இருந்தது. அத்தெளிவு நம்மிடமும் வருமாயின், நம் பிள்ளைகள் கடல் கடந்து செல்லாது, கடலுக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவர்.