முயலுக்கும் குரலுண்டு

யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், ஆந்தை அலறும் என்று சிறுவயதில் ஒலிமரபை மனனம் செய்யாதவர் தமிழ் படித்தவருள் அரியர். நான் படித்த பட்டியலில் முயல் இருக்கவில்லை. இத்தனைக்கும் தொல்காப்பிய மரபியல் முயலை மறந்துவிடவில்லை. நாய், பன்றி, புலி ஆகியவற்றின் இளமைப் பெயரான 'குருளை' என்பதை முயலுக்கும் உரியதாக்கியுள்ளது. குட்டிக்குப் பெயர் கிடைத்தது, குரலுக்குக் கிடைக்கவில்லை. முயல் ஊமைப் பிராணி என்ற எண்ணம் நம்மவரிடையே அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

பதுளை, பசறை, ஹாலி-எல பக்கத்துத் தோட்டங்களில் லயன் வீடுகளின் பின்புறம், கம்பிவலை அடித்த மரப்பெட்டிக்குள் இரண்டொரு முயல்கள் இருப்பதைக் கண்டிருக்கிறேன். 'ஏன் முயல் வளர்க்கிறீர்கள்?' என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான். சத்தம் போடாது! ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவராகவும் இருக்கும் லயத்திலே, நாய் குரைத்தாலும் சேவல் கூவினாலும் பத்துக் குடும்பங்களுக்கு அது கேட்கும். முயலால் எவருக்கும் தொல்லையில்லை.

இந்த வளர்ப்பு முயல் நம் மண்ணுக்குரியதன்று. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் ஓடித் திரிவது கரும்பிடரி முயல். அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே பள்ளமாக்கிப் படுத்துக்கொள்ளும். அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். கூட்டில் வளரும் முயலோ ஐரோப்பாவின் ஐபீரியத் தீபகற்பத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வேறோர் இனம். நிலத்தடி வளைகளில் கூட்டமாக வாழ்ந்த மூதாதையரின் பழக்கவழக்கங்களை மரப்பெட்டிக்குள்ளும் அது விட்டுவிடவில்லை. அதன் ஒலிகளை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, பின்னங்காலால் 'தொம்' என்று தரையை அறைவது. நள்ளிரவில் கூட்டிலிருந்து இது கேட்டால் பலர் எரிச்சலடைவர். அது ஓர் எச்சரிக்கை. பூனையோ மரநாயோ சாரைப் பாம்போ அருகில் வந்திருக்கலாம். பழக்கமில்லாத வாசனையாகவும் இருக்கலாம். வளைக்குள் இருக்கும் உறவுகளுக்கு மண்வழியே செய்தி அனுப்பும் தந்தி முறை இது. பிரித்தானிய இயற்கையியலாளர் ஆர். எம். லொக்லி முயல்களை நெடுங்காலம் அவதானித்து 1964இல் அவற்றின் அந்தரங்க வாழ்வு பற்றி ஒரு நூல் எழுதினார். 1972இல் வெளிவந்த 'வோட்டர்ஷிப் டவுன்' நாவலுக்கு ரிச்சர்ட் அடம்ஸ் அந்நூலிலிருந்தே முயல்களின் நடத்தையைக் கற்றார்.

தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. பிரட்டுக்கு அழைக்கும் தப்பு எது, சாவு வீட்டுத் தப்பு எது, காமன் கூத்துக்கு அடிப்பது எது என்று அடியை வைத்தே இனங்கண்டவர்கள் அவர்கள்.

இரண்டாவது ஒலியில்தான் ஆபத்து இருக்கிறது. அது பல்லோசை. தலையை மெல்லத் தடவும்போது முயல் தன் பற்களை இலேசாக, வேகமாக உரசிக்கொள்ளும். காதை அருகில் வைத்தால் மட்டுமே கேட்கும் மெல்லிய ஒலி. உடல் தளர்ந்திருக்கும், காதுகள் சோம்பலாகச் சாய்ந்திருக்கும், மீசை மயிர் நடுங்கும். பூனையின் 'குர்குர்' போன்ற இன்ப ஒலி இது. ஆனால் அதே பற்கள் மெதுவாக, அழுத்தமாக, ஒவ்வோர் உரசலும் தனித்தனியாகக் கேட்கும்படி நறநறவென்று அரைபடுமாயின் அது வலி. அப்போது முயல் உடலைக் குறுக்கிக் கூனி உட்கார்ந்திருக்கும். கண்கள் பாதி மூடியிருக்கும். தின்ன எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இருக்கும் நண்பரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பத்து வயதுப் பேரன் முயலை மடியில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"தாத்தா, மொசலு எம்மேல ரொம்பப் பிரியமா இருக்கு. பல்லக் கடிச்சுக் காட்டுது, கேளுங்க."

கேட்டேன். வாசற்படியில் இருந்த எனக்கே கேட்டது.

"காலையிலயிருந்து ஏதாச்சும் தின்னுச்சா தம்பி?"

"இல்ல தாத்தா. நேத்து கோவா எல நெறய போட்டேன். இன்னிக்கு வேணாங்குது."

கூட்டின் அடியைப் பார்த்தோம். புதிய புழுக்கை ஒன்றுகூட இல்லை. முயலால் வாந்தியெடுக்க முடியாது. அதன் குடல் ஓயாமல் இயங்கவேண்டும். நார்ச்சத்துள்ள புல் குறைந்து, கோவா இலை போன்றவை மிகுந்தால் குடல் மந்தமாகி வாயு நிறைந்துவிடும். அரை நாள் தின்னாமல் இருந்தாலே அவசரம் என்று மிருக வைத்தியர்கள் சொல்வார்கள். வெலிமடைப் பக்கத்திலிருந்து கோவாவும் லீக்ஸும் கரட்டும் வந்து குவியும் மாவட்டத்தில் கழித்த இலைகளுக்குப் பஞ்சமில்லை. அன்போடு அள்ளிப் போடுவதும் அவற்றைத்தான்.

நண்பர் மெல்லிய குரலில் சொன்னார்: "போன மாசம் இதோட சோடி செத்துப் போச்சு. சத்தமே இல்லாமப் போயிருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க."

அதுவும் சத்தம் போட்டுத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பையன் பக்கத்தில் நின்றதால் வாய் திறக்கவில்லை.

முச்சக்கர வண்டியில் பதுளைக்குக் கொண்டு சென்றார்கள். வண்டிக் கூலி ஒரு நாள் கொழுந்துச் சம்பளத்தைக் கரைத்துவிடும் என்பதால் நண்பரின் மகள் சற்றுத் தயங்கினாள். பையனின் முகத்தைப் பார்த்தபின் எதுவும் பேசவில்லை. மிருக வைத்தியர் வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கடியில் சேலைனும் ஏற்றினார். மனிதருக்கான வலி மாத்திரையை நாமாகக் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். மறுநாள் மாலை நண்பர் தொலைபேசியில் அழைத்து, ஒரு பேரப்பிள்ளை பிறந்த செய்தியைப் போல, புழுக்கை விழுந்த செய்தியைச் சொன்னார். நாற்பது ஆண்டுகள் எத்தனையோ செய்திகளைத் தொலைபேசி வழியாக வாங்கி எழுதியவன் நான். இப்படியொரு செய்தி அதுவே முதல் தடவை.

ஏனைய ஒலிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலைச் சுற்றி வட்டமிட்டபடி மூக்கால் 'ஹொங் ஹொங்' என்று முனகினால் அது காதல். பெரும்பாலும் இளம் ஆண் முயலின் வேலை. கூட்டுக்குள் கை நீட்டும்போது உறுமிக்கொண்டு முன்னங்கால்களால் பாய்ந்தால், 'இது என் இடம், கையை எடு' என்று பொருள். கருவுற்ற பெண் முயல்களிடம் இது மிகுதி. சினை ஏறக்குறைய 31 நாட்கள்; அக்காலத்தில் அதனைச் சீண்டாதிருப்பது நல்லது.

கடைசியாக ஓர் ஒலி உண்டு. குழந்தையின் வீறிடலைப் போன்றது. பகை விலங்கின் வாயில் அகப்பட்டபோதோ, உயிர்போகும் அச்சத்திலோ, தாளாத வலியிலோ மட்டுமே முயல் அப்படி அலறும். வாழ்நாள் முழுவதும் வளர்த்தும் அதனைக் கேட்காதவர் பலர். நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அதனை எழுத விரும்பவில்லை.

நண்பரின் பேரன் இப்போது புல்லைத்தான் முதலில் போடுகிறானாம். கோவா இலை ஒன்றே ஒன்று, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். பாடசாலைக்குப் புறப்படுமுன் கூட்டின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தாளை உருவிப் புழுக்கைகளை எண்ணுகிறானாம். பேருந்தைத் தவறவிடுகிறான் என்று தாய்க்குக் கோபம்.