நாலு மணி நேரமும் ஒரு ராத்திரியும்

சிங்கப்பூர் பெரியப்பா வருகிறார் என்று கடுதாசி வந்துவிட்டால், எங்கள் வீட்டில் முறுக்குக்கு அரிசி ஊறும், திண்ணையில் சாணி மெழுகின ஈரவாசனை கிளம்பும், தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று "என்னைக்கு வர்றாராம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்பாயிக்குக் கப்பல் கணக்குதான் தெரியும். நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து தோணியில் போய், தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் ஏறினால், பினாங்கு, கிள்ளான் என்று கரை தொட்டுத் தொட்டு சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். 1985-ல் 'சிதம்பரம்' கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. அதற்கப்புறம் பெரியப்பா மீனம்பாக்கத்தில்தான் வந்து இறங்கினார்.

"பிளேன்ல எவ்வளவு நேரம்ப்பா?" என்று நான் நச்சரித்ததில், அப்பா பள்ளிக்கூட அட்லஸை விரித்து, அம்மாவின் தையல் நூலை மெட்ராஸில் ஒரு முனை, சிங்கப்பூரில் மறுமுனை என்று இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நூலை அளவுகோலில் வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர் பறக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையும், ஆக நாலு மணி நேரம் என்றார். எங்கள் ஊரிலிருந்து மெட்ராஸ் 300 கிலோமீட்டர்தான். அதற்குத் திருவள்ளுவர் பஸ்ஸில் ஒரு ராத்திரி பூராவும் குலுங்க வேண்டும். வங்காள விரிகுடாவைவிடச் சிதம்பரம், கடலூர் ரோடு பெரிசு என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

விடிகாலையில் பெரியப்பா வந்து இறங்குவார். கோடாலித் தைலமும் புதுச்சட்டையும் பஸ் டீசலும் கலந்த ஒரு வாசனை. பெட்டி திறக்கக் காத்திருக்கிற மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு, நான் அவர் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். வெள்ளிப் பட்டை, உள்ளே கிழமை காட்டும் சின்ன சன்னல், இருட்டில் பச்சையாக மினுங்கும் முள். அது நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தி ஓடும். ராத்திரி ஒன்பதுக்கு அங்கே கிளம்பினால் நம்மூர்க் கடிகாரத்தில் பத்தரைக்கே வந்து இறங்கிவிடலாம் என்பார். நாலு மணி நேரப் பயணம் ஒன்றரையாக எப்படிச் சுருங்கிற்று என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன். லீவு முடியும்வரை அவர் முள்ளைத் திருப்பவே மாட்டார். "பெரியம்மா இந்நேரம் சோறு வடிப்பா" என்று சொல்ல அவருக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது.

அப்பாயி மட்டும் நாலு மணி நேரம் என்பதை ஒத்துக்கொண்டதேயில்லை. "நேத்து மத்தியானம் வீட்டை விட்டுக் கிளம்புன புள்ள இன்னைக்குக் காலையிலதானே வாசப்படி மிதிக்கிறான்" என்பாள். இப்போது திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, வானத்தில் அதே நாலு மணி நேரம்தான். யாராவது தூரம் கேட்டால் நான் அப்பாயி கணக்கில்தான் சொல்கிறேன்: வாசப்படிக்கு வாசப்படி. வருகிறவருக்காகச் சோறு வடிக்கிறவளுக்கு அந்தக் கணக்குதான் உதவும்.