அரை மாத்திரை

குமரி ஜில்லா கீரிப்பாறையில் சித்தி வீட்டு அடுக்களையில், கருப்பட்டிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கிறது. சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அதற்குள்தான். போன தடவை போயிருந்தபோது தலைவலிக்கு ஏதாவது கிடைக்குமா என்று திறந்து பார்த்தேன். முழுசாக இருந்தவை நாலைந்து. மற்றதெல்லாம் பாதி.

"என்ன சித்தி, எல்லாம் ஒடிஞ்சு கெடக்கு?"

"ஒடியல மக்கா, நான்தான் ஒடிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு தின்னாலும் அரை தின்னாலும் இந்தத் தீனம் போகவா போவுது?"

மெய்க்கு மாத்திரை அரை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. அது வேறு மெய், வேறு மாத்திரை. இலக்கணத்தைச் சித்தி இப்படி அனுசரிப்பாள் என்று தொல்காப்பியர் நினைத்திருக்க மாட்டார்.

சித்தி ரப்பர் பால் வெட்டுகிறாள். 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்துத் தோட்டத்தில் இல்லை. மலையடிவாரத்தில் கிடக்கும் தனியார் விளை ஒன்றில், மரக்கணக்குக் கூலிக்கு. இந்த வித்தியாசம் சின்னதல்ல. தொழிலாளருக்கு முதலாளி மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் அது 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் உள்ள தோட்டங்களுக்குத்தான். மூன்று ஏக்கர் விளையில் ஒற்றை ஆளாக வெட்டுகிறவளை எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்கவில்லை.

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் சரியாக ஒழுகாது. அப்புறம் ஒரு வாய் கஞ்சி. பிறகு சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து வந்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்துப் போடும்போது உச்சியாகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் உட்காருவதும் அதே காலையில்தான். ஒரு காலையை இரண்டு இடத்தில் செலவழிக்க யாராலும் முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமுள்ள ஜில்லாவும் இல்லை இது. நெய்யூரில் 1838-இலேயே மிஷன் வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. காப்பீட்டு அட்டையைச் சித்தி சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகி வைத்திருக்கிறாள். படுத்துச் சிகிச்சை எடுக்கும் நிலை வந்தால் அது உதவும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அக்கம்பக்கத்தில் பலர் வாங்குகிறார்கள். தேடி வரும் நேரத்தில் சித்தி மரத்தடியில் நிற்கிறாள், அதற்கு யார் என்ன செய்ய?

எனவே அவள் போடும் கணக்கு இப்படி. சர்க்கார் மாத்திரைக்குப் போனால் ஒரு நாள் வெட்டு போச்சு. பஸ் அவளுக்கு இலவசம், துணைக்கு வரும் சித்தப்பாவுக்கு டிக்கெட். இடையில் இரண்டு காப்பி. மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாங்கினால் சாயங்காலமே காரியம் முடிந்தது, கூலிக்கும் குந்தகமில்லை. ஆக, அவள் வரைக்கும் இலவச மாத்திரைதான் விலை கூடின மாத்திரை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது. மாதச் சம்பளக்காரனுக்குத் தீனம் வந்தால் லீவு; அந்த ஒரு சொல்லே நம் கண்ணை எவ்வளவு மறைத்துவிடுகிறது!

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கு. நல்ல செய்திதான், குறை சொல்லவில்லை. ஆனால் வெட்டாமல் விட்ட மரங்களுக்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது.

கடை மாத்திரையும் அதே விலையில் நிற்பதில்லை. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளின் உச்ச விலையை மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி ஒவ்வோர் ஏப்ரலிலும் மாற்றிக்கொள்ளலாம். 2022-இல் 10.76 சதவீதம், 2023-இல் 12.12 சதவீதம் உயர்த்த அனுமதி கிடைத்தது. அதற்கடுத்த வருஷம் ஏற்றம் ஏறக்குறைய இல்லை; ஏறினது ஏறினதுதான். சித்திக்கு இந்தச் சதவீதமெல்லாம் தெரியாது. முப்பது நாள் மாத்திரைக்குக் கொண்டுபோன பைசாவுக்கு இருபத்தைந்துதான் வருகிறது என்று தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்திருக்கிறாள்.

மாத்திரையைவிட மீன் விஷயம் என்னை அதிகம் உறுத்துகிறது. மரச்சீனியும் சாளையும் எங்கள் பக்கத்து ஏழைச் சாப்பாடு. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது ஜனங்களின் உயிரைப் பிடித்துவைத்தது அந்தக் கிழங்குதான். ஆனால் கிழங்கு வெறும் மாவு. அதற்குச் சத்துச் சேர்த்தது கூட வைத்த சாளை. கேரளக் கடலில் 2012-இல் நாலு லட்சம் டன்னை நெருங்கிப் பிடிபட்ட சாளை, 2021-இல் மூவாயிரத்துச் சொச்சம் டன்னுக்கு வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் விலை சும்மா இருக்குமா? மீன்காரரின் ஹாரன் கேட்டால் சட்டியோடு ஓடுகிற சித்தி, இப்போது முதலில் விலை கேட்கிறாள். பல நாள் வெறும் சட்டியோடு திரும்புகிறாள். கிழங்குக்கு உள்ளியும் மிளகாயும் அரைத்த துவையல்.

"சோற்றைக் குறைங்க, மீன், முட்டை, காய்கறி சேருங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சரியான வைத்தியம். ஆனால் ரேஷனில் 2011 ஜூன் முதல் இலவசமாகக் கிடைப்பது அரிசி. சுகர்காரிக்கு எது ஆகாதோ அது சும்மா கிடைக்கிறது. எது ஆகுமோ அதற்குத்தான் பைசா.

இனி மழை. குமரி ஜில்லாவுக்கு இரண்டு மழை, இடவப்பாதியும் ஐப்பசியும். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. மழை படாமலிருக்க ஆடை கட்டிய மரத்தில்கூட அடைமழைக்கு வேலை இல்லை. தொங்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்காமல் விட்டால் தண்ணீர் நிறைந்து கொசு முட்டையிடும். டெங்குக் கொசுவுக்குப் பிடித்த தொட்டில் அது. ஆக, கூலி நிற்கிற மாதத்தில்தான் காய்ச்சலும் வருகிறது. மாசி பங்குனியில் இலையுதிர்ந்து வெட்டு நிற்பது வேறு. ரப்பர் 2016-இல் கிலோ நூறு ரூபாய்க்குக் கீழே விழுந்தபோது வெட்டாமல் போட்ட விளைகளும் இருந்தன. 2024 ஆகஸ்டில் 240-ஐத் தாண்டியபோது சித்திக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். "மரத்துக்குத்தானே மக்கா கூலி, விலைக்கா?" என்றாள்.

சித்திக்கு ஆஸ்பத்திரி நாள் மழைநாள்தான். வெயில் நாளில் பைசா உண்டு, நேரம் இல்லை. மழை நாளில் நேரம் உண்டு, பைசா இல்லை. நான் ஊர் திரும்புவதற்கு முந்தின ராத்திரி ஓட்டின் மேல் நல்ல மழை. "நாளைக்குப் போயிரலாம், ரத்தமும் பாத்திரலாம்" என்று அவளே சொன்னாள். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதற்குப் பதில் சொல்லவில்லை.

காலையில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றோம். சீட்டுகளை ஜவுளிக்கடைக் கவரில் சுற்றி, கக்கத்தில் இடுக்கியிருந்தாள். ஏழரைக்கு மழை விட்டது. மலைக்கு மேலே வெளிச்சம் வந்தது. ரோட்டோரத்து ரப்பர் மரம் ஒன்றின் பக்கம் போய், வெட்டுக்காயத்துக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"ஒரு மணிக்கூர்ல காய்ஞ்சிரும்" என்றாள், கவரை என் கையில் கொடுத்துவிட்டு. "நீ ஏறு மக்கா. இத அடுக்களையில வைக்க வேண்டாம், எலி கடிக்கும். நீயே கொண்டு போ, அடுத்த மழைக்கு வரும்போ கொண்டு வா."