ஓடினால்தானா?

எமது பாடசாலையின் மரதன் ஓட்டத்துக்கு முன்னாள், பத்தாம் வகுப்பு மாணாக்கருக்கு டெரி பொக்ஸ் என்னும் கனேடிய இளைஞனின் கதையைச் சொன்னோம். 1977இல் எலும்புப் புற்றுநோய்க்கு வலக்காலைப் பறிகொடுத்தவன் அவன். வைத்தியசாலையிலே தன்னினும் இளைய குழந்தைகள் பட்ட வேதனை அவனை உறங்கவிடவில்லை. 1980 ஏப்ரலில், ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டவெனச் செயற்கைக் காலோடு அட்லாண்டிக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினான். 143 நாளில் 5,373 கிலோமீற்றர்! நோய் நுரையீரலைப் பற்றவே ஓட்டம் நின்றது. மறு ஆண்டு, இருபத்திரண்டு வயதில் மறைந்தான்.

"நம்மட நாட்டிலயும் ஆரும் ஓடினவங்களா, சேர்?" என்றான் ஒருவன்.

நடந்தார்கள். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகப் பணம் சேர்த்தார்கள். போர் ஓய்ந்து ஈராண்டே ஆன வேளை. தென்கரையிற் புறப்பட்ட கால்கள் வடக்கின் நோயாளிக்காக நோவெடுத்தன. தருமம் என்றாலே முகஞ்சுளிக்கும் எம் தோழர் சிலர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேட்டவனின் தங்கைக்கு இரத்தப் புற்றுநோய். படுவான்கரையிலிருந்து மகரகமைக்கு அவளைத் தாய் இரவு பஸ்ஸில் கொண்டுசெல்கிறாள். அவன் மறுபடியும் எழுந்தான்: "ஆரும் ஓடினாத்தானா சேர் மருந்து கண்டுபிடிப்பாங்க?"

1948இல் பொஸ்டனில் பாபர் என்னும் மருத்துவர் இந்நோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகமாயினும் தணிவு தந்தார். அம்மருந்தை ஆக்கிய குழுவுக்குத் தலைவர் ஆந்திரத்து சுப்பாராவ். இன்று செல்வ நாடுகளில் பத்துப் பிள்ளைகளுள் ஏறத்தாழ ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். இடையிற் கிடப்பது பல்லாண்டு ஆய்வுகூட உழைப்பு. அதிற் பெரும் பங்கு அரச பணம். இதைச் சொன்னோம். அவன் முகம் தெளியவில்லை.

மறுநாள் அவனும் ஓடினான். அடுத்த பாடத்தில், நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கிய பங்கை வகுப்பாரோடு இருந்து வாசிக்க எண்ணியுள்ளோம்.