ஷா ஆலமில் போன் ஓடோரி

ஜப்பானுக்குப் போகும் எண்ணெய்க் கப்பல்களை அமீரகத்தின் புஜைரா கடலில் பார்த்திருக்கிறேன். ஜப்பான்காரர்கள் கூட்டமாக ஆடுவதைப் பார்த்தது மலேசியாவில்தான். விடுமுறைக்குக் கிள்ளானில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனபோது, 2022 ஜூலை 16 சனிக்கிழமை மாலை, ஷா ஆலம் விளையாட்டு வளாகத்தில் நடந்த போன் ஓடோரி ஆட்ட விழாவுக்கு அவர்தான் அழைத்துப்போனார்.

உள்ளே நுழையவே முடியவில்லை. வேறு மதக் கூறுகள் இருப்பதால் முஸ்லிம்கள் போக வேண்டாம் என்று சமய விவகார அமைச்சர் சொல்ல, சிலாங்கூர் சுல்தானோ சமய இலாகா இயக்குநரையே நேரில் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டார். இதைவிட விளம்பரம் வேண்டுமா? 50,000 பேருக்கு மேல் வந்ததாக மறுநாள் செய்தி. கிமோனோவுக்கு மேல் தூடோங் முக்காடு கட்டிய மலாய்ப் பெண்கள் தகோயாக்கித் தின்பண்ட வரிசையில் நின்றார்கள்.

புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், இறந்த தன் தாய் பசித்த ஆவியாய்த் தவிப்பதைக் கண்டு, புத்தர் சொற்படி துறவிகளுக்கு அன்னமிட்டு அவளை மீட்டு, ஆனந்தத்தில் ஆடினாராம். முன்னோரை வரவேற்று வழியனுப்பும் ஜப்பானிய போன் விழாவுக்கு அதுவே மூலக்கதை. இங்கே பூசை எதுவும் கண்ணில் படவில்லை. 1977 முதல் நடக்கும் விழா. ஜப்பானியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதாம்.

நடுவில் உயரமான மேடை, மேலே தைகோ மேளம், சுற்றிலும் காகித விளக்குகள். கூட்டம் வட்டமாகச் சுற்றி ஆடுகிறது. 'தான்கோ புஷி' சுரங்கத் தொழிலாளர் பாட்டு: நிலக்கரியை வெட்டு, தோளுக்குப் பின்னால் வீசு, நெற்றியில் கைவைத்து நிலாவைப் பார், வண்டியைத் தள்ளு. நம் கும்மியைப் போல, நாலு சுற்று பார்த்தால் யாரும் சேர்ந்துகொள்ளலாம். இதே சிலாங்கூரில் பத்து ஆராங் சுரங்கம் 1960 வரை இயங்கியது. அங்கே கரி வெட்டியவர்களில் தமிழரும் உண்டு.

"எங்க தாத்தாவ சயாம் ரயில் போடக் கூட்டிட்டுப் போனாங்க. எந்த நாள் செத்தாருன்னே தெரியாது" என்றார் சித்தி, மேளத்துக்கு மேல் குரலை உயர்த்தி. 1942-43இல் ஜப்பானிய ராணுவம் அந்த ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இறந்த திதி தெரியாதவர்களுக்கு நம் வழக்கத்தில் மகாளய அமாவாசைதான். முன்னோரை வரவேற்கும் விழாவின் அந்த விளக்குகளை அதன் பிறகு என்னால் வெறும் அழகாகப் பார்க்க முடியவில்லை.

"கோவம் இல்லையா, சித்தி?"

"இருக்கு. இந்தப் புள்ளைங்க மேல எதுக்குடா?"

கைப்பையை என்னிடம் திணித்துவிட்டு வட்டத்துக்குள் போனார். முதல் சுற்றில் எல்லாரும் வீசும்போது இவர் வெட்டினார். மூன்றாவது சுற்றில் முன்னால் ஆடிய ஜப்பானியச் சிறுமியையே முந்திக்கொண்டு வண்டி தள்ளினார்.