ஐயா, விண்மீன் எவ்வளவு பெரிசு?



இருபது ஆண்டுகளுக்கு முன், கெடாவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, விண்மீன் எவ்வளவு பெரிசுன்னு அளக்க முடியுமா?" என்று கேட்டான். "அது வெறும் ஒளிப்புள்ளி. எந்தக் கருவியாலும் முடியாது, உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். அதன்பின் அவன் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் சொன்னது பிழை. திருவாதிரை மீனின் விட்டத்தை மைக்கேல்சனும் பீசும் 1920-லேயே அமெரிக்காவில் அளந்துவிட்டனர். அதைவிட என்னை வியப்பில் ஆழ்த்தியவர் ஹன்பரி பிரவுன். 1916-இல் நீலகிரியின் அருவங்காட்டில் பிறந்த ஆங்கிலேயர். அவரும் டுவிஸ்ஸும் 1956-இல் இரண்டு பழைய தேடொளி விளக்கு ஆடிகளைக் கொண்டு சிரியஸ் விண்மீனை அளந்தனர். அதன் கோண அளவு, சுங்கை பட்டாணியிலிருந்து சிங்கப்பூரில் கிடக்கும் பத்து சென் நாணயத்தைப் பார்ப்பதற்கு ஏறத்தாழ ஈடு! இங்கிலாந்தின் வானிலையில் ஐந்து மாதங்கள் காத்திருந்து அவர்கள் பெற்றது 18 மணி நேர அளவீடு மட்டுமே.

அடைமழை தகரக்கூரையில் கொட்டுகிறது; எங்கோ கோயிலில் தப்பு மெலிதாக ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லயத்தின் இரு முனைகளிலும் ஆளுக்கொருவர் அமர்ந்து கேட்டதைக் குறிக்கின்றனர். அவரவர் கூரை மழை வேறு வேறு. தப்பொலி மட்டும் இருவருக்கும் பொது. நெடுநேரக் குறிப்புகளை ஒப்பிட்டால் மழை கழிந்து தப்பு எஞ்சும். இரு ஆடிகளில் விழும் ஒளியின் நடுக்கத்தையும் இவ்வாறே ஒப்பிட்டனர். ஆடிகளை விலக்க விலக்க அந்தப் பொதுமை குறையும். விரைந்து குறைந்தால் விண்மீன் வானில் அகன்று தெரிகிறது என்று பொருள். அந்த வேகமே விட்டத்தைச் சொல்லிவிடும்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் நராப்ரியில், 188 மீட்டர் விட்ட வட்டத் தண்டவாளத்தில் 6.5 மீட்டர் ஆடிகள் இரண்டை ஓடவிட்டு 32 விண்மீன்களை அளந்தனர். நம் சித்திரை மீன் உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள். அச்சுற்றுப்பாதையையும் அக்கருவியே கணித்தது. ஒளிமிக்க மீன்களுக்கு மேல் அதனால் போக இயலவில்லை என்பதும் உண்மை.

சென்ற தீபாவளிக்கு முன் சுங்கை பட்டாணிச் சந்தையில் அவனைக் கண்டேன். கையில் மகள். "தம்பி, அன்று நான் தவறாகச் சொல்லிவிட்டேன். அளக்க முடியும்" என்றேன்.

சிரித்தான். "நானா கேட்டேன், ஐயா?"

"எப்படி அளப்பாங்க, தாத்தா?" என்றாள் மகள்.

முறுக்குப் பொட்டலத்தின் தாளைக் கிழித்து, பின்புறத்தில் இரண்டு ஆடிகளை வரையத் தொடங்கினேன்.