பரங்கிப்பேட்டையில் எரிந்த உலை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில் வழியில் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலோடு சேரும் ஊர். 1781-இல் ஹைதர் அலி இங்கே ஆங்கிலேயரோடு பொருதியதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். 1830-இல் இதே ஊரில் பெரிய ஊதுலை வைத்து இரும்பு உருக்கினார்கள் என்பதை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. அந்த இடத்தைப் பார்க்கத்தான் போனேன்.

கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கிய ஆலை அது. தாது சேலத்து மலைகளில், கப்பல் இங்கே. தாதுவைப் பரிசல்களில் ஏற்றி ஆற்றோடு இறக்கினார்கள். எரிபொருள் காட்டு மரக்கரி. இங்கே வார்த்த இரும்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரை போனது. வேல்ஸில் 1850-இல் திறந்த பிரிட்டானியா பாலத்திலும் அது சேர்ந்திருக்கிறது என்பார்கள்.

ஹீத் நம் கொல்லர்களிடமும் பாடம் கேட்டவர். அவர்கள் எஃகு செய்த முறையை 1839-இல் எழுதிவைத்தார். இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியைச் சிறு மண்கலத்தில் இட்டு, பச்சை எருக்கிலை மூடி, களிமண்ணால் வாயை அடைத்து உலையில் வைப்பார்கள். குச்சியும் இலையும் கரியாகி இரும்பில் ஏறும், எஃகு பிறக்கும். அதே ஆண்டு, மாங்கனீசு சேர்த்து எஃகைச் செம்மைப்படுத்தும் காப்புரிமையையும் ஹீத் பெற்றார். அவர் பெயராவது ஏட்டில் இருக்கிறது. பரிசல் தள்ளியவர், கரி சுட்டவர், உலை வாயில் நின்று வெந்தவர் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

காட்டுக்கரி அருகியது, தூரத்துத் தாதுவின் கூலி ஏறியது, நிலக்கரியில் உருக்கிய இங்கிலாந்து இரும்பு மலிந்தது. 1860-களில் உலை அவிந்தது. நான் நடந்த பக்கமெல்லாம் இங்கே ஓர் ஆலை இருந்தது என்று சொல்லும் பலகைகூடக் கண்ணில் படவில்லை.

திரும்பும் வழியில் சிதம்பரத்துக்கு வெளியே ஒரு கொல்லுப்பட்டறை. துருத்தி போய் மோட்டார் வந்துவிட்டது. கரி மட்டும் அதே மரக்கரி. லாரிப் பட்டையில் அருவாள் அடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், பழுத்த இரும்பைத் தண்ணீரில் தோய்ப்பதைப் பற்றிக் கேட்டேன். “நெறத்தப் பாத்துதான் தம்பி தோய்க்கணும். ரொம்பப் பழுத்துட்டா வாய் முறிஞ்சிடும்” என்றார், கண்ணை உலையிலிருந்து எடுக்காமலே. அளவுகோல் அவர் கண்தான்.

இங்கிலாந்தில் கோல்புரூக்டேல் என்ற ஊரில், 1709-இல் ஆபிரகாம் டார்பி கல்கரியால் இரும்பு உருக்கிய உலையைக் கூரை போட்டுக் காக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கு 1986 முதல் உலகப் பாரம்பரியக் களம். நம் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் தொன்மையை 2025-இல் அறிவித்துப் பெருமைப்பட்டோம், பெருமைப்பட வேண்டியதுதான். அதே அக்கறை இருநூறு ஆண்டு வயதான உலைக்கும் வேண்டும். தொல்லியல் துறை பரங்கிப்பேட்டை ஆலை இருந்த நிலத்தை அளந்து எல்லை குறிக்கட்டும். மிஞ்சிய இரும்புக் கிட்டம் கிடைத்தால் சேர்த்துவைக்கட்டும். சேலத்துத் தாதுவும் வெள்ளாற்று உலையும் எப்படிச் சேர்ந்தன என்று தமிழில் எழுதிய ஒரு பலகையை முதலில் நடட்டும்.